ஐந்து தட்டு ஒரு வார்த்தை

திருப்பூரில் டைப்பிங் சேர்ந்த அன்றைக்கே ஒருத்தர் கேட்டார்: "உங்களுக்குத்தான் கோட்டா இருக்குதே, ஸ்பீடு எதுக்கு?" தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இங்கிலீஷ் லோயர் பரீட்சைக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை. ஐந்து தட்டு ஒரு வார்த்தை என்று கணக்கு. பத்து நிமிடத்தில் 1500 தட்டு. எல்லாருக்கும் அதே 1500தான். பாஸானேன்.

பனியன் கம்பெனி ஆபீசில் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை பில் அடித்தேன் என்று எண்ணினார்கள். மணிக்கட்டு வீங்கியதை எண்ணவில்லை.

அம்மா பீஸ் ரேட்டுக்குப் பிசிறு வெட்டுகிறவள். ராத்திரி என் கைக்கு எண்ணெய் தேய்க்கும்போதுதான் பார்த்தேன், கத்தரி பிடித்த அவள் கட்டைவிரல் நிமிரவில்லை.

"எத்தனை வருசமாம்மா இப்படி?"

"அதை யாரு சாமி எண்ணுனா?"

இப்போது இருவரும் வலித்த நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வைக்கிறோம். கூலி பேசப் போகும்போது அந்த நோட்டும் கூட வரும்.