கோபுரத்தில் ஏறிச் சொல்ல வேண்டியது

2025 பிப்ரவரி. திருக்கோஷ்டியூர் பக்கம் அறுப்பு முடிந்து, வைக்கோல் படப்பு போட்டுக்கொண்டிருந்த நேரம். மாசித் தெப்பம் நெருங்கிக்கொண்டிருந்தது. பி.எம். கிசான் 19-வது தவணை 24-ம் தேதி வரும் என்று டி.வி.யில் சொன்னார்கள். ஒன்றரை ஏக்கர் கண்மாய்ப் பாசன நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் வாட்ஸ்அப்புக்கு, பழகிய ஒருவர் எண்ணிலிருந்தே செய்தி வந்தது. 'உங்கள் தவணை நிறுத்தப்பட்டுள்ளது. இந்தச் செயலியில் ஆதாரைப் புதுப்பிக்கவும்.' மேலே அரசு முத்திரை. அவர் அமுக்கினார். ஆதார் எண், வங்கி விவரம் எல்லாம் போட்டார்.

மறுநாள் காலை, நெல் போட்ட பணம் 38,000 ரூபாய் கணக்கில் இல்லை.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. "ஏங்க, பணம் எடுத்தாந்தீகளா? சொசைட்டியில நகையைத் திருப்பணுமே" என்று மனைவி கேட்டபோது, "நாளைக்குப் பாப்போம்" என்றார். ஏமாந்தது தெரிந்தால் ஊர் சிரிக்குமே என்ற கூச்சம். மூன்றாம் நாள், பக்கத்து ஊரிலிருந்து மச்சான் வந்து நின்றார். அவர் பணமும் போயிருந்தது. "நீங்க அனுப்புனதாச்சேன்னுதான் மாப்ள அமுக்குனேன்" என்றார். அந்தச் செயலி, இவர் போனில் இருந்த எண்களுக்கெல்லாம் தானாகவே போய்க்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். பெயர் முடிவில் 'ஏ.பி.கே.' என்று வரும் கோப்பு, படமோ கடிதமோ அல்ல. போனுக்குள் குடியேறும் செயலி. குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. திருடனுக்கும் போய்ச் சேரும். நாம் வாய் திறந்து சொல்லவே வேண்டாம்.

இன்னொரு வழி, போலி இணையதளம். சோலார் பம்புசெட்டுக்கான பி.எம். குசும் திட்டத்தின் பெயரில் இப்படிப் பல தளங்கள் முளைத்தன. விண்ணப்பக் கட்டணம் என்று விவசாயிகளிடம் பணம் பறித்தன. அவற்றின் முகவரிகள் 'காம்', 'ஆர்க்', 'இன்' என்று முடிவதாக மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமே எச்சரித்தது. இப்படிப்பட்ட பெயரைச் சில நூறு ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 'ஜி.ஓ.வி. புள்ளி இன்' என்ற முடிவு மட்டும் அரசு அமைப்புகளுக்கே கிடைக்கும்.

அதனால் முகவரியை முன்னாலிருந்து படிக்கக் கூடாது. முதல் ஒற்றைச் சாய்வுக்கோட்டுக்கு முன்னால் எப்படி முடிகிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் 'ஜி.ஓ.வி.' இருந்து கடைசியில் 'காம்' என்று முடிந்தால் அது போலி. வீட்டு வாசலில் எவனும் எந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். தபால்காரர் பின்கோடைத்தான் பார்ப்பார்.

தவணை வரும் நாள், மானிய அறிவிப்பு, திருவிழா, தேர்தல் என்று ஊரே எதிர்பார்த்திருக்கும் நேரம்தான் திருடனுக்கு அறுவடைக்காலம். தவணை பற்றிச் சந்தேகம் இருந்தால் 155261 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். ஆதார் சரிபார்ப்பைப் பொது சேவை மையத்தில் கைரேகை வைத்தே முடிக்கலாம்.

பணம் போய்விட்டால் முதலில் போனில் இணையத்தை நிறுத்திவிட்டு, வேறு போனிலிருந்து 1930-ஐ அழைக்க வேண்டும். வங்கிக்கும் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு உண்டு. அந்த விவசாயி மூன்று நாள் கழித்துச் சொன்னார். பணம் கைமாறிப் போயிருந்தது. நகை இன்னும் சொசைட்டியில்தான் இருக்கிறது.

திருக்கோஷ்டியூர் நம்பி ரகசியமாகச் சொல்லிக்கொடுத்த எட்டெழுத்தை, ராமானுஜர் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்ன தலம் இது. ஓ.டி.பி.யை நம்பி மாதிரி காக்க வேண்டும். ஏமாந்த கதையையோ ராமானுஜர் மாதிரி உரக்கச் சொல்ல வேண்டும்.

தெப்பத்தன்று குளக்கரையில் விளக்கேற்றிவிட்டு, கூடியிருந்த உறவுகளிடம் அவர் நடந்ததையெல்லாம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் மட்டும் இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இதுவா பாருங்க? ஊருக்குப் போய் அமுக்கலாம்னு வச்சிருக்கேன்."

அதே கோப்புதான். அங்கேயே அழித்தார்கள்.