கறுப்புக் காருக்குக் கல்யாணக் களை

"கறுப்பிலே மட்டும் கார் வாங்காதே!" என்று எங்களிடம் சொல்லாதவர்கள் இல்லை. வெயிலை இழுக்கும், தூசி தெரியும், சனீஸ்வரன் நிறம் என்று ஆளுக்கொரு காரணம். என் கணவர் கேட்கவில்லை. வாடகைக் கார் ஓட்டுகிறவர் அவர். திருச்சியில் கல்யாண ஆர்டர் பிடிக்க வேண்டுமானால் கறுப்புதான் எடுபடும் என்பது அவர் கணக்கு. "சம்பங்கியும் ரோஜாவும் கறுப்பு மேலே வெச்சாத்தான்மா போட்டோவிலே எடுப்பா இருக்கும்" என்பார்.

2019-இல் வாங்கினோம். அவர் கணக்கு பொய்க்கவில்லை. ஒரு மாதம் முழுக்க ஏர்போர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடி மிச்சம் பிடிப்பதை, முகூர்த்த மாதத்தில் நாலே நாலு மாப்பிள்ளை அழைப்பு கொடுத்துவிடும். பையனுடைய பள்ளிக்கூடச் சம்பளம் ஆவணியையும் தையையும் நம்பித்தான் இருந்தது.

2022-இல் இவருக்கு இடுப்பில் டிஸ்க் தேய்மானம் வந்தது. வண்டி ஓட்டலாம், ஆனால் குனியக்கூடாது, வாளி தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை தானே கழுவி வந்த வண்டியை, பக்கத்தில் இருந்த ஒரு வாட்டர் சர்வீஸில் விட ஆரம்பித்தார். ஐந்தாறு மாதம் போயிருக்கும். பெண்வீட்டுக்காரர் ஒருவர் ஒரு சாயங்காலம் வண்டியைப் பார்க்க வந்தார். தெருவிளக்கு அடியில் நின்றுகொண்டு, செல்போன் டார்ச்சை பானெட் மேல் அடித்துப் பார்த்தார். "என்னங்க, வண்டி பூரா சிலந்தி வலை அடிச்ச மாதிரி இருக்கே... வீடியோ லைட்டிலே அசிங்கமா விழுமே!" என்றார். அந்த ஆர்டர் போயிற்று. அடுத்து வந்த இரண்டும் அப்படியே. இவர் ஒன்றும் பேசாமல் வண்டிக்கு உறை போட்டு மூடிவிட்டு உள்ளே வந்ததைப் பார்த்தபோதுதான், "இனிமே நான் கழுவறேங்க" என்றேன்.

"பாத்திரம் தேய்க்கிறது பத்தாதுன்னு வண்டி வேறயா? தெருவிலே நாலு பேர் பார்ப்பாங்களேம்மா" என்றார் அத்தை. பார்த்தார்கள்தான். பார்த்தால் என்ன!

முதலில் அந்தச் சிலந்தி வலை எப்படி வந்தது என்று தெரிய வேண்டாமா? தெரிந்த பெயிண்டர் தம்பி ஒருவர் விளக்கிச் சொன்னார். அதை நம் அடுப்படி பாஷையில் சொல்கிறேன். எவர்சில்வர் தாம்பாளத்தைக் கம்பி நாரால் தேய்த்துவிட்டு விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். விளக்கு தெரிகிற இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் கோடுகள் மின்னும். இப்படியும் அப்படியும் எப்படித் தேய்த்திருந்தாலும் கண்ணுக்கு வட்டமாகத்தான் படும். காரிலும் அதே கதைதான். நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது. 'கிளியர் கோட்' என்கிறார்கள். அதன் கனம் சுமார் 40 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு வைத்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடி ஒன்றே பெரும்பாலும் அதைவிடத் தடிமன்! அவ்வளவு மெல்லிய பூச்சில் மண் கீறினால், அந்தக் கீறலில் வெளிச்சம் பட்டுச் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. வெள்ளைக் காரிலும் இதே கீறல் உண்டு. வெள்ளை மேல் வெள்ளை, யார் கண்ணுக்கும் தெரியாமல் தப்பித்துவிடும்.

கோடு போடுவது தண்ணீர் இல்லை, துணிக்கு அடியில் மாட்டிக்கொள்கிற மண். அந்தக் கடையில் ஒரே வாளி, ஒரே துணி. நமக்கு முன்னால் வந்த லாரியின் மண்ணும் அதில்தான். எங்கள் வீட்டுக்காரரும் சளைத்தவர் இல்லை. காலையில் எழுந்ததும் மஞ்சள் துணியால் காய்ந்த தூசியை 'பட் பட்' என்று தட்டித் துடைக்காவிட்டால் அவருக்கு காப்பி இறங்காது. அந்தத் துணியை நான் பிடுங்கி வைத்த அன்று வீட்டில் ஒரு சின்ன மகாபாரதமே நடந்தது!

விழுந்துவிட்ட கோட்டை எடுக்க, பெயிண்டர் தம்பி மெஷின் வைத்து பாலீஷ் போட்டுக் கொடுத்தார். பாலீஷ் என்பது கோட்டை நிரப்புவது இல்லையாம். கோட்டின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள பூச்சைச் சீவி எடுப்பதாம். "அடிக்கடி போட முடியாதுக்கா, தேய்ஞ்சிடும்" என்று எச்சரித்தார். மாமனார் காலத்து அம்பாசடருக்கு இந்தக் கண்ணாடிப் பூச்சு கிடையாது. நிறம்தான் மேலே. தேய்க்கத் தேய்க்கத் துணியில் கறுப்பு ஏறும், அவரும் சளைக்காமல் தேய்ப்பார். அம்பாசடர் தயாரிப்பு 2014-இல் நின்றுபோனது. அதனுடன் அந்த வைத்தியமும் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் கழுவும் விதம். வெயில் ஏறுமுன், ஐந்தரை ஆறு மணிக்கு ஆரம்பித்துவிடுவேன். பானெட்டைத் தொட்டால் கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூட்டில் தண்ணீர் ஊற்றினால், துடைக்குமுன் காய்ந்து உப்புத் திட்டு நின்றுவிடும். எங்கள் வீட்டு போர் தண்ணீர், பருப்பு வேகாத தண்ணீர்! ஆகவே சோப்பு வேலைக்கு போர், கடைசியாக அலசுவதற்கு மட்டும் பிடித்து வைத்த காவிரித் தண்ணீர் இரண்டு வாளி.

வேலைக்கு முன் வளையல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றிவிடுங்கள். புடவைப் பின்னையும்தான். தாலிக்கொடியை ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். கூரையின் நடுவைத் துடைக்க எட்டிச் சாயும்போது, தொங்கும் தங்கம் போடுகிற கோடு ஒன்று போதும். ஆண்கள் எழுதிய குறிப்புகளில் பெல்ட் பக்கிள் வரும், தாலிக்கொடி எங்கே வரும்? எட்டாத இடத்துக்கு முக்காலி போட்டுக்கொள்ளுங்கள். இடுப்பைத் திருகி எட்டினால் அடுத்த டிஸ்க் நம்முடையதாகிவிடும்.

முதல் பத்து நிமிஷம் வண்டியைத் தொடவே கூடாது. ஹோஸ் குழாயால் கூரையிலிருந்து கீழே வரைக்கும் தண்ணீரை விட்டு, ஒட்டியிருக்கும் மண் தானாக இறங்க விட வேண்டும். அப்புறம் இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். அரிக்கஞ்சட்டியில் அரிசி அரிக்கிறோமே, கல் அடியில் தங்கிவிடும், அரிசி மேலே வந்துவிடும், அந்த யுக்திதான் இங்கேயும். வெறும் தண்ணீர் வாளியின் அடியில், ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் வடிதட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன். ஒரு கதவைத் துடைத்ததும் துணியை அந்த வாளியில் நன்றாக அலசினால், மண் ஓட்டை வழியாக அடியில் போய்த் தங்கும், மறுபடி துணியில் ஏறாது. அலசின பிறகுதான் ஷாம்பு வாளிக்குள் துணி போகலாம்.

துடைப்பது மேலிருந்து கீழே, நேர்கோட்டில். வட்டம் போடக்கூடாது, அழுத்தக்கூடாது. குழந்தையின் கன்னத்தில் பவுடர் போடுகிற அழுத்தம் போதும். கதவின் அடிப்பாகம் கடைசியில், அதற்குத் தனித் துணி. சக்கரத்துக்கு இன்னொரு துணி. அதில் பிரேக்கிலிருந்து விழுகிற இரும்புத் தூள் இருக்கும். பாத்திரம் தேய்க்கும் திரவம் போதாதா என்று பக்கத்து வீட்டம்மா கேட்டார். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற சரக்கு அது, முந்தின தடவை போட்ட மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும்.

துணி மைக்ரோஃபைபர்தான். இவருடைய பழைய பனியன் கூடவே கூடாது, தையலே கீறும். கீழே விழுந்த துணியை, உதறினாலும் சரி, திரும்ப வண்டியில் வைக்காதீர்கள். ஈரம் எடுக்கும்போது, பெரிய துணியைப் போர்வை போல விரித்து, மேலே ஒற்றி, இழுத்து எடுக்கிறேன்.

கல்யாண வண்டிக்கு என்று தனிக் கஷ்டங்கள் இருக்கின்றன. அலங்காரம் செய்ய வருகிற பையன்கள் செல்லோ டேப் சுருளோடுதான் இறங்குவார்கள். "தம்பி, வண்டியிலே டேப் ஒட்டாதீங்கப்பா, உறிஞ்சி ஒட்டுற ரப்பர் கொக்கி தர்றேன், நூலைக் கட்டிக்கோங்க" என்று நானே முன்னால் நின்றுவிடுவேன். பூங்கொத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற கம்பி முனைகளை மடக்கச் சொல்வேன். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு. அது பானெட்டில் தெளித்துக் காய்ந்தால் திட்டு விழும். இவர் டிக்கியில் ஒரு பாட்டில் தண்ணீர் வைத்திருக்கிறார், மாப்பிள்ளை இறங்கியதும் முதல் வேலை அதுதான். ஆயுத பூஜைக்கும் அதே சட்டம். சந்தனமும் குங்குமமும் நம்பர் பிளேட்டுக்கும் கண்ணாடிக்கும். பானெட்டில் வைக்கக்கூடாது என்றபோது அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்படியும் டேப் பிசின் நின்றுவிட்டால் நகத்தால் சுரண்டாதீர்கள். இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவிப் பத்து நிமிஷம் ஊற விட்டால் இளகி வந்துவிடும். பிறகு ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். காக்கை எச்சமும் அப்படித்தான். அதில் அமிலம் இருக்கிறது, வெயிலில் பூச்சையே அரித்துவிடும். ஈரத்துணியை அதன் மேல் போட்டு ஊற வைத்து, அப்படியே தூக்கி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

மெழுகைப் பற்றி ஊரில் பெரிய பேச்சு. எனக்கு அதில் அவ்வளவு மரியாதை இல்லை. கழுவுவது சரியாக இருந்தால் மெழுகு அரைமணி வேலை. கழுவுவது தப்பாக இருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிப் பூசினாலும் கோட்டுக்கு மேல் பளபளப்பு, அவ்வளவுதான். கார்னாபா என்று டப்பாவில் போட்டிருக்கும். பிரேசில் நாட்டில் ஒரு பனை ஜாதி மரத்தின் ஓலையிலிருந்து எடுக்கிற மெழுகு அது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, நிழலில், நன்றாக ஈரம் போன வண்டிக்குப் போடுகிறேன். ஒரு கதவுக்கு ஒரு கடலைப்பருப்பு அளவு எடுத்து, ஸ்பாஞ்சால் மெல்லப் பரத்த வேண்டும். தாராளமாக அப்பினால் துடைக்கத் துடைக்க இழுக்கும், கறுப்பில் ஈஷிக்கொண்டு மேகம் மாதிரி நிற்கும். பூசியது மங்கலாகப் படர்ந்ததும் விரலால் ஒரு இழுப்பு இழுங்கள். சுத்தமாக விலகினால் துடைக்கலாம், ஈஷினால் பொறுக்க வேண்டும். ஐப்பசி மழையில் கொஞ்சம் நேரம் பிடிக்கும். துணியை நாலாக மடித்து, பக்கம் மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அப்படியும் மேகம் நின்றால், குளிர்ந்த தண்ணீரைப் பனி போல் தெளித்து வேறு துணியால் ஒற்றித் துடையுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் ஓரத்தில் மெழுகு பட்டால் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும், பார்த்துப் பூசுங்கள். டப்பாவைக் குழந்தைகளுக்கு எட்டாத பரணில் வையுங்கள்.

முடிந்ததும் டார்ச் அடித்துப் பார்ப்பது என் வழக்கம். அந்தப் பெரியவர் கற்றுக்கொடுத்த பாடம் அது! அடுத்த தை மாதத்தில் மூன்று ஆர்டர் வந்தது. ஒருவர் வண்டியில் தலைப்பாகையைச் சரி செய்துகொண்டார், கண்ணாடியில் இல்லை, கதவில்!

துணிகளைத் துவைப்பதுதான் இப்போது வீட்டில் வழக்கு. மைக்ரோஃபைபரை மற்றத் துணிகளோடு போடக்கூடாது, பஞ்சு ஒட்டும். கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவத்தில் முக்கக்கூடாது, ஈரம் இழுக்கிற குணம் போய்விடும். நிழலில் தனிக் கொடியில் உலர்த்த வேண்டும். ஆறு துணி வாங்கினேன், கொடியில் ஐந்துதான் இருக்கிறது. ஆறாவது எங்கே என்று தேடினால், அத்தை மூக்குக்கண்ணாடி துடைத்துக்கொண்டிருக்கிறார். "இதிலே துடைச்சா சுத்தமா இருக்கும்மா" என்கிறார். அடுத்த முகூர்த்தத்துக்குள் இன்னும் ஒன்று வாங்க வேண்டும்.