புலியின் பாய்ச்சலுக்கு எல்லை வகுத்தவர்களுக்கு

பேர் தெரியாத பெரியவர்களே,

கார்வேட்டிநகரத்திலிருந்து எழுதுகிறேன். பாளையக்காரர்களாக இருந்து ஜமீன்தார்களான பொம்மராஜு மரபினரின் ஊர் இது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் சீமை. தமிழ் வீட்டில் ஆடுபுலி ஆட்டம், தெலுங்கு வீட்டில் அதுவே புலிமேக. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே கோட்டில்தான் காய் வைக்கிறார்கள். அந்த ஆட்டத்தை எங்களுக்கு விட்டுச் சென்றதற்காகவே இந்த மடல்.

23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. இரண்டு படைகளும் எண்ணிக்கையில் சமமில்லை, பலத்திலும் சமமில்லை. ஆனாலும் ஆட்டம் நியாயமாக நடக்கிறது. இதை எப்படிச் சாதித்தீர்கள் என்று யோசிக்க யோசிக்க உங்கள் மேல் மரியாதை கூடுகிறது.

வெட்டும் உரிமையைப் புலிக்கு மட்டும் கொடுத்தீர்கள். அடுத்த புள்ளியில் ஆடு இருந்து, அதே கோட்டில் அதற்கு அப்பால் உள்ள புள்ளி காலியாக இருந்தால், புலி தாண்டி வெட்டலாம். அந்தக் காலிப் புள்ளியில்தான் உங்கள் நுட்பம் இருக்கிறது. அங்கே இன்னொரு ஆட்டை வைத்துவிட்டால் பாய்ச்சல் செல்லாது. புலியின் பலத்துக்கு எல்லை போடும் வாய்ப்பை எதிராளியிடமே கொடுத்துவிட்டீர்கள்.

ஆட்டுக்கும் சலுகையை அள்ளிக் கொடுக்கவில்லை. ஒரு முறைக்கு ஓர் ஆடாக 15 ஆடுகளையும் இறக்கி முடிக்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது. அதற்குள் புலிகள் தாராளமாக நடமாடும். புதிதாக ஆட வரும் பிள்ளை, ஆடாக எடுத்துக்கொண்ட புளியங்கொட்டையைப் புலிக்குப் பக்கத்தில் நடுக்கோட்டில் வைக்கும். உடனே வெட்டு விழும். நாலைந்து ஆட்டம் தோற்றபின் அதுவே கோடு முடியும் மூலையைத் தேடிப்போய் வைக்கும். மூலைக்கு அப்பால் புள்ளி இல்லை, ஆகவே அங்கே இருக்கும் ஆட்டைத் தாண்ட முடியாது. பிறகு அந்த ஆட்டை ஒட்டி அடுத்தது, அதை ஒட்டி இன்னொன்று என்று வரிசை கட்டும். கடைசியில் மூன்று புலியும் அடைபட்டு நிற்கும். யாரும் பாடம் நடத்தாமலே அந்தப் பிள்ளை வியூகம் கற்றுக்கொள்கிறது.

நேபாளத்தில் இதன் உறவான பாக்சால் ஆடுகிறார்கள். அங்கே 4 புலி, 20 ஆடு, 25 புள்ளி. 5 ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி. இரு பக்கமும் பிழையின்றி ஆடினால் அந்த ஆட்டம் சமனில்தான் முடியும் என்று லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணினியால் நிறுவியிருக்கிறார்கள். கணினி உழைத்துக் கண்ட சமநிலையை மனிதர்கள் ஆடி ஆடியே எட்டியிருக்கிறார்கள். நீங்களும், ஓர் ஆடு கூடினால் என்ன ஆகும், ஒரு புலி குறைந்தால் என்ன ஆகும் என்று எத்தனை தலைமுறை பார்த்திருப்பீர்களோ!

எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டாமல் விட்டதற்கும் நன்றி. எத்தனை ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறும். உட்காரும்போதே பேசி முடித்துக்கொள்கிறோம். அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறுகிறோம். புலியாக இருந்து வெட்டியவர் ஆடாக இருந்து காக்க வேண்டும். எதிராளியின் கஷ்டம் அப்போது தானாகப் புரிகிறது.

இன்று கைப்பேசியில் எங்கள் பிள்ளைகள் ஆடும் போர் விளையாட்டுகள் சிலவற்றில் பணம் கட்டினால் ஆயுதம் பெரிதாகிறது. எதிரில் இருப்பவர் எவ்வளவு யோசித்து ஆடினாலும் அதைத் தடுக்க வழியில்லை. பலமுள்ளவருக்குத் தனி உரிமை கொடுக்கும்போது, அதைத் தடுக்கும் வழியை எளியவருக்கும் கொடுக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிந்திருந்தீர்கள். புதிதாக விளையாட்டு உருவாக்குகிறவர்கள் உங்களிடம்தான் முதல் பாடம் கேட்க வேண்டும்.

கோடு போட ஒரு கரித்துண்டும், காய்க்குக் கைப்பிடி புளியங்கொட்டையும் போதும் என்ற அளவில் இவ்வளவு பெரிய அறிவைச் சுருக்கித் தந்தீர்கள். விதி குலையாமல் அதை அடுத்தவர் கையில் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

உங்கள் பேத்தி ஒருத்தி,
கார்வேட்டிநகரம்