மிதியடியில் விளைந்த வயல்

நாட்டிங்ஹாம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பள்ளிக்கூடத்தில் படித்த ராபின் ஹூட் கதை வரலாம். பாட்டியின் பெட்டிக்குள் பத்திரமாக இருந்த லேஸ் வைத்த ரவிக்கை வரலாம். தாத்தா தினம் தினம் துடைத்து வைத்துக்கொண்டிருந்த ராலி சைக்கிள் வரலாம். மூன்றும் இந்த ஒரே ஊர்ச் சரக்குதான். லேஸ் கிடங்குகள் இருந்த வட்டாரத்துக்கு இன்றும் லேஸ் மார்க்கெட் என்றே பெயர். ஆனால் கிடங்குகளுக்குள் இப்போது குடித்தனங்களும் காப்பிக் கடைகளும் இருக்கின்றன. அந்த ஊரில் சைக்கிள் செய்வதும் 2002-ல் நின்றுவிட்டது.

"அப்படியானால் இப்போது இந்த ஊர் எதற்குப் பேர் போனது?" என்று என் பெண்ணைக் கேட்டேன். அவள் அங்கே குடித்தனம் வைத்து ஏழு வருஷம் ஆகிறது.

"பொம்மைச் சிப்பாய்களுக்கு அம்மா!" என்றாள்.

பரிகாசம் செய்கிறாள் என்று நினைத்தேன். நிஜந்தான். 28 மில்லிமீட்டர் உயரச் சிப்பாய். அதாவது நம் கட்டை விரலில் பாதி. அவனுக்குச் சட்டைப் பொத்தான் உட்பட வர்ணம் தீட்டி, மேஜைமேல் அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டி, அளவு நாடா பிடித்து, இரண்டு பேர் எதிர் எதிராக யுத்தம் செய்கிறார்கள். குழந்தைகள் அல்ல, வழுக்கை விழுந்த பெரிய மனிதர்கள்! இந்த ஆட்டத்துக்கான சாமான் செய்யும் பெரிய கம்பெனியான கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமை நிலையம் இந்த ஊரில்தான். சுற்றுவட்டத்தில் சின்னக் கம்பெனிகள் பல. முன்பெல்லாம் பொம்மைகளை ஈயக் கலவையில் வார்த்ததால், ஆட்டக்காரர்கள் இந்தப் பிரதேசத்துக்கு வேடிக்கையாக 'ஈய வட்டாரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சிப்பாய் இருந்தால் போதுமா? அவன் நிற்க மண் வேண்டாமா? மேடு, பள்ளம், வேலி, வயல், வைக்கோல் கொட்டகை எல்லாம் வேண்டாமா? அதைச் செய்து கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். சொந்தமாகச் செய்துகொள்ளப் பொறுமையில்லாதவர்கள், அல்லது கை வராதவர்கள், அவர்களிடம் சொல்லிச் செய்துகொள்கிறார்கள். நகைக்கு ஆசாரியிடம் சொல்வதில்லையா, அது மாதிரி.

பெண் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு தாத்தா. எழுபத்தெட்டு வயது. மனைவி போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "மேஜைக்குச் சொல்லியிருக்கிறேன். பார்க்கப் போகிறேன், வருகிறீர்களா?" என்று கூப்பிட்டார். என் பேரன் அதற்கு முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டான். நானும் கிளம்பினேன்.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கார் நிறுத்தும் கொட்டகை. வாசலில் நின்றவர் நாற்பது வயதுக்காரர். கையெல்லாம் வெள்ளைப் பசை. உள்ளே எட்டிப் பார்த்ததும் எனக்கு நவராத்திரிதான் ஞாபகம் வந்தது. கொலுவுக்குப் பக்கத்தில் மணல் பரப்பி, கடுகு முளைக்கவிட்டுப் புல்வெளியாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கிப் பூங்கா கட்டுவோமே, அதற்குப் பெரியப்பா இது.

கெட்டியான நுரைப் பலகையைச் சூடேற்றிய கம்பியால் அறுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது, அது குன்று. மேலே பசை தடவி மணல் தூவினால் பூமி. நூல் துணுக்குகளுக்கு மின்சாரம் ஏற்றிச் சல்லடையால் தூவுகிறார். ஒவ்வொன்றும் விறைத்து நிமிர்ந்து நின்று புல்லாகிவிடுகிறது! தக்கைப் பட்டையை உடைத்தால் பாறை. டீ போட்டு எஞ்சிய தூளைக் காயவைத்துத் தூவினால் காட்டுக்கடியில் உதிர்ந்த சருகு. "இத்தனை வருஷமாக எத்தனை காட்டைக் குப்பையில் கொட்டியிருக்கிறேன்!" என்றேன். மனிதர் சிரித்துவிட்டார்.

செய்வதில் சூட்சுமங்களும் உண்டு. இயற்கையில் இருப்பது போலவே குன்றைச் சரிவாகச் செய்துவிட்டால் சிப்பாய்கள் சறுக்கி விழுவார்கள். ஆகவே மெதுவான சரிவு, அல்லது படிப்படியாக. மரங்கள் பிடுங்கி வைக்கும்படி இருக்க வேண்டும். படை காட்டுக்குள் நுழையும்போது கை போக வேண்டுமே! கூரையை மூடி மாதிரி தூக்க வர வேண்டும். உள்ளே ஆளை நிறுத்துவதற்கு. முழு மேஜையையும் இரண்டடிச் சதுரத் துண்டுகளாகப் பிரித்துச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் காரில் ஏறாது. ஆளுக்குத் தகுந்த அளவில் வீடும் வயலும் செய்தால் ஒரு பண்ணைக்கே மேஜை தீர்ந்துபோகும். ஆகவே வீடு ஆளைவிடச் சின்ன அளவு, தூரம் அதைவிடச் சின்ன அளவு. கோலத்தில் தேர் போடும்போது இடத்துக்குத் தகுந்தபடி நாம் சக்கரத்தைக் குறுக்கிக்கொள்வதில்லையா?

தாத்தா சொல்லியிருந்தது வாட்டர்லூப் போர்க்களத்தின் நடுவிலுள்ள ஒரு பண்ணை. பெல்ஜியத்தில் இருக்கிறது; லா ஹே ஸாந்த் என்று பெயர். 1815-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி, நெப்போலியனின் படை மேலே மேலே வந்து மோத, சுமார் நானூறு ஜெர்மன் வீரர்கள் பிரிட்டிஷ் பக்கம் நின்று சாயங்காலம் வரை அந்தப் பண்ணையைக் காத்தார்கள். தோட்டா தீர்ந்துபோனதும் பண்ணை விழுந்தது. வெளியேறி வந்து ஒன்று சேர்ந்தவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை.

"இரண்டு விஷயம் மறக்கக்கூடாது" என்றார் தாத்தா. "ஒன்று, கொட்டகைக்குக் கதவு வைக்கக் கூடாது. இரண்டு, எல்லாம் கையால் தடவினால் தெரிய வேண்டும்."

முதல் விஷயத்துக்குக் காரணம் சரித்திரத்தில் இருக்கிறது. முதல் நாள் இரவு கொட்டுகிற மழை. குளிர் காய விறகில்லாத சிப்பாய்கள் கொட்டகையின் பெரிய கதவைப் பிளந்து அடுப்பில் வைத்துவிட்டார்கள். மறுநாள் அந்தத் திறந்த வாசல் வழியாகத்தான் பிரெஞ்சுக்காரர்கள் முட்டி மோதினார்கள்.

இரண்டாவது விஷயத்துக்குக் காரணம் தாத்தாவின் சிநேகிதர். பள்ளிக்கூட நாளிலிருந்து சேர்ந்து ஆடுகிறவர்கள். அவர் எப்போதும் பிரஷ்யப் படை, இவர் எப்போதும் பிரிட்டிஷ் படை. சிநேகிதருக்கு இரண்டு வருஷமாகக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. வெளிச்சம் தெரிகிறது, நிழல் தெரிகிறது, சிப்பாய் தெரியவில்லை. "இனி நான் வந்து என்ன செய்ய?" என்று அவர் ஆட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாராம்.

மேஜைக்காரர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். புல்லுக்கும் பயிருக்கும் கண்ணுக்குத்தான் வித்தியாசம். விரலுக்கு இரண்டும் ஒன்று. பிறகு மூலையிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டார். பார்த்தால் வாசல் மிதியடி! நம் தேங்காய் நார் மிதியடி!

"இந்த ஊரில் வயல் செய்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் வெட்டுகிறார்கள். விளைந்த பயிருக்கு இதைப்போல வேறு கிடையாது" என்றார். வாட்டர்லூவில் அன்று நின்றது ரை என்னும் தானியம். ஆள் உயரத்துக்கு வளர்வது. மிதியடியைத் திருப்பிப் பார்த்தேன். இந்தியாவில் செய்தது என்று ஒட்டியிருந்தது. ஆலப்புழைப் பக்கத்துத் தென்னந்தோப்பு கப்பலேறிப் போய் பெல்ஜியம் தேசத்து வயலாக நிற்கிறது! தடவிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டாலும் தவறாது.

புறப்படும்போது, பாதிப் பணம் முன்கூட்டிக் கொடுத்தாக வேண்டும் என்றார் மேஜைக்காரர். "ஸைபோர்னுக்கு நடந்தது எனக்கு நடக்க வேண்டாம், பாருங்கள்!"

அந்த ஸைபோர்ன் யார் என்று தெரிந்துகொள்ளப் பேரனின் விடுமுறையில் லண்டனுக்கு ரயிலேறினோம். செல்ஸியில் தேசிய ராணுவப் பொருட்காட்சி சாலை இருக்கிறது. கட்டணம் கிடையாது. அங்கே வாட்டர்லூ முழுவதையும் ஒரே மேஜையில் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 19 அடி. எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட தகரச் சிப்பாய்கள். ஒருவன் ஒரு நெல்மணி அளவுதான் இருப்பான். குனிந்து பார்க்கப் பார்க்க எனக்குத் தலை சுற்றியது.

1830-ல் ராணுவத் தலைமையின் உத்தரவின் பேரில் இந்த வேலையைத் தொடங்கியவர் வில்லியம் ஸைபோர்ன் என்ற அதிகாரி. யுத்தத்தில் இருந்தவர் அல்ல. ஆகவேதானோ என்னவோ, ஒன்றையும் ஊகிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். அந்த லா ஹே ஸாந்த் பண்ணையிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தார். அதற்குள் நிலமே மாறியிருந்தது. 1826-ல் முடிந்த சிங்க மேட்டுக்காக அக்கம்பக்கத்து மண்ணை வெட்டிக் குவித்திருந்தார்கள். போரில் இருந்த அதிகாரிகளுக்கெல்லாம் கடிதம் போட்டு, 'மாலை ஏழு மணிக்கு நீங்கள் எங்கே நின்றீர்கள்? உங்கள் எதிரே என்ன பயிர் இருந்தது?' என்று விசாரித்தார். பதில்கள் நூற்றுக்கணக்கில் வந்தன.

1833-ல் சர்க்கார் கையை விரித்துவிட்டது. ஸைபோர்ன் சொந்தப் பணத்தையும் கடன் பணத்தையும் போட்டுச் செய்தார். செலவு ஏறக்குறைய 3,000 பவுன் ஆயிற்று. 1838-ல் பிக்காடிலியில் காட்சிக்கு வைத்தபோது, தலைக்கு ஒரு ஷில்லிங் கொடுத்து ஜனங்கள் திரள் திரளாகப் பார்த்தார்கள். ஆனால் பணம் ஸைபோர்ன் கைக்குச் சேரவில்லை.

இன்னொரு சங்கடமும் வந்தது. வந்த கடிதங்களின்படி, மாலை ஏழு மணிக்குப் பிரஷ்யர்கள் ஏராளமாகக் களத்தில் இருந்தார்கள். அப்படியே வைத்தார். வெற்றி பிரிட்டிஷாருடையது மட்டும் என்று எண்ணிக்கொண்டிருந்த வெலிங்டன் வட்டாரத்துக்கு அது ரசிக்கவில்லை. கடைசியில், வைத்த கையாலேயே அந்தப் பிரஷ்யர்களில் பெரும்பாலோரைப் பிடுங்கி எடுத்தார் ஸைபோர்ன். போட்ட பணம் திரும்பாமலே 1849-ல் காலமானார்.

"சொன்னவர்களே பணம் கொடுக்கவில்லை, பிறகு இங்கே மாற்று, அங்கே மாற்று என்றால் என்ன நியாயம் பாட்டி?" என்று பேரன் கேட்டான். தையற்காரரிடம் நாம் அப்படித்தானே செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து மேஜை வந்தது. அடுத்த வீட்டுக் கூடத்தில் துண்டு துண்டாக அடுக்கிச் சேர்த்தார்கள். சிநேகிதரை அழைத்து வர என் மாப்பிள்ளையே காரை எடுத்துக்கொண்டு போனார். அவர் வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், ஆனால் முகத்தில் உற்சாகமில்லை. "சும்மா உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் ஆடுங்கள்" என்றார்.

தாத்தா பதில் சொல்லவில்லை. அவர் கையைப் பிடித்து மேஜை ஓரத்தில் வைத்தார். அவ்வளவுதான்.

விரல்கள் முதலில் தயங்கின. பாதையின் பொடி மணலைத் தொட்டன. வேலியைத் தாண்டின. பிறகு மிதியடி. அங்கே நின்றன. முன்னும் பின்னும் போயின. "ரை!" என்றார். குரல் மாறிவிட்டது. பயிரை விட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குப் போயின விரல்கள். வாசலில் நுழைந்தன. உள்ளே போய் வெளியே வந்தன.

"கதவு எங்கே?" என்று அதட்டினார். மறுகணம் வாய்விட்டுச் சிரித்தார். "ஆமாம்! ராத்திரியே அதை எரித்துவிட்டார்களே, படுபாவிகள்!"

தாத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். ஜலதோஷம் என்று அவர் சொன்னதை நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

லண்டனில் கண்டதை நான் சொன்னேன். சிநேகிதர் கவனமாகக் கேட்டார். "என் ஆட்களைப் பிடுங்கிவிட்டார்களா?" என்று மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். "இங்கே அது நடக்காது. எடு அந்தப் பகடையை! என் பிரஷ்யர்கள் எந்தப் பக்கம் வருகிறார்கள்? கையை அங்கே வை!"

பேரன் அவருக்குக் கண்ணாக உட்கார்ந்து பகடையைப் படித்துச் சொன்னான். நான் எல்லோருக்கும் டீ போட்டேன். அன்று வாட்டர்லூவில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்காதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கும் முடியவில்லை. மறு சனிக்கிழமைக்கு ஒத்திவைத்தார்கள். அடுத்த சனிக்கிழமையும் வருவேன் என்று சிநேகிதர் தாமாகவே சொன்னதைக் கேட்டதோடு எனக்கு யுத்தம் முடிந்துவிட்டது.

ஊர் திரும்பியாயிற்று. எங்கள் வாசலிலும் ஒரு தேங்காய் நார் மிதியடி கிடக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அதில் காலைத் துடைக்கப் போனால், யாருடைய வயலையோ மிதிக்கிற மாதிரி ஒரு கணம் கூசுகிறது. "வாசலிலேயே நின்றுகொண்டு என்ன யோசனை?" என்கிறார் இவர். சொன்னால் சிரிப்பார். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள் என்றுதான் உங்களிடம் சொன்னேன்.