நான்காம் சக்கரம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் விந்தையான வண்டி ஒன்றை நீங்கள் கண்டிருக்கக்கூடும். கதவில்லை, கூரையில்லை, முன்கண்ணாடியும் இல்லை. நீண்ட இரண்டு இரும்புச் சட்டங்கள், ஓர் எஞ்சின், ஆறு சக்கரங்கள், தற்காலிக இருக்கையில் காற்றை முகத்தில் வாங்கியபடி ஓர் ஓட்டுநர். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் வண்டிகள் அவை. கரூர் போன்ற ஊர்களுக்குப் போய்த்தான் அவை கூடு கட்டிக்கொள்ளும். சேசிஸ் எனப்படும் அடிச்சட்டமே வண்டியின் முதுகெலும்பு என்பதை எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் பாடநூல் கொண்டு விளக்க வேண்டியதில்லை.

திருவொற்றியூரில் நான் பணியாற்றியபோது, பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு மாதிரி வண்டிகள் செய்வதில் பெருவிருப்பம் இருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் தாய்மாமன் அவனுக்கு ஒரு லாரி மாதிரியின் உதிரிப்பாகப் பெட்டியைக் கொணர்ந்து தந்திருந்தார். உண்மை வண்டியின் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவு. தேர்வு முடியட்டும் என்று வீட்டார் அதை ஆஸ்பெஸ்டாஸ் கூரையை ஒட்டிய பரணில் வைத்து, மேலே பழைய புத்தக மூட்டையையும் ஏற்றிவிட்டனர். ஒரு கோடை கழிந்தது. பெட்டியைத் திறந்தால், அடிச்சட்டம் முறுக்கிக்கொண்டிருந்தது. மேசைமேல் வைத்தால் மூன்று முனைகள் படிந்தன, நான்காவது படியவில்லை.

"இரண்டு மில்லிமீட்டர்தானே ஐயா? பசை போட்டு அழுத்தினால் ஒட்டிக்கொள்ளாதா?" என்று கேட்டான்.

"இருபத்து நான்கால் பெருக்கிப் பார், தம்பி" என்றேன்.

நாற்பத்தெட்டு என்றதும் அவன் முகம் வாடியது. உண்மை லாரியின் சக்கரம் ஏறத்தாழ ஐந்து செ.மீ. அந்தரத்தில் நிற்பதற்குச் சமம் அது. உண்மை லாரிக்காவது கமான் பட்டை உண்டு. மேடு பள்ளத்தை அது வாங்கிக்கொள்ளும். இதற்கு அதுவும் இல்லை. மாற்றுப் பாகமும் இங்கே கிடைக்காது. மாமனோ பொங்கலுக்குத்தான் கரை திரும்புவார்.

இத்தகைய மாதிரிகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்னும் நெகிழியால் ஆனவை. நாம் தெர்மாகோல் என்று அழைப்பதும் அதே பொருள்தான். நுரைத்துப் பொங்கியது என்பதே வேறுபாடு. உருகிய நெகிழியை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவார்கள். மெல்லிய பகுதி விரைந்து ஆறும். தடித்த பகுதி மெதுவாக ஆறும். ஆறும்போது சுருங்குவதால், சமமின்றிச் சுருங்கிய இடங்களில் ஓர் இழுவிசை உள்ளேயே தங்கிவிடும். பரணின் வெப்பமும் புத்தகப் பாரமும் மாதக்கணக்கில் சேர்ந்தால் அது கோணலாக வெளிப்படும். குளிர்ந்த நிலையில் வளைத்தால் பழைய நிலைக்கே திரும்பும். மிஞ்சினால் வெளுத்துப்போய் முறியும்.

வழி காட்டியவர் மாணவனின் தந்தை, வெல்டர். "இரும்பும் இப்படித்தான் சார். சூடேறின இடம் ஆறும்போது இழுக்கும். நேரா வெச்சுப் புடிச்சிக்கிட்டே ஆறவிடணும். பாதியில கைய எடுத்தா பழைய புத்திதான்" என்றார். வேதியியல் நூல் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிடாது.

பாலிஸ்டைரீன் ஏறத்தாழ 100 பாகை செல்சியசில் இளகும். ஆகவே தீச்சுடர் ஆகாது. மெல்லிய சட்டம் கண்ணெதிரே தொங்கிவிடும். கொதித்து இறக்கிய நீரே தக்கது. முதலில், பாகங்களைப் பிணைத்திருக்கும் வேண்டாத குச்சியொன்றை அந்நீரில் அமிழ்த்தி வளைத்துப் பழகினான். பிறகு அடிச்சட்டத்தை இடுக்கியால் பிடித்து நீரில் அரை நிமிடம் வைத்தான். வெளியே எடுத்ததும், முறுக்குக்கு எதிர்த்திசையில் சிறிது கூடுதலாகவே திருப்பினான். விட்டதும் அது சற்றுப் பின்வாங்கும் அல்லவா? அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் ஆழ்த்தினான். கண்ணாடித் தகட்டின்மேல் வைத்துப் பார்த்தால் பாதிக் கோணல் மிச்சம். ஒரே முறையில் நிமிர்த்த அவன் ஆத்திரப்படவில்லை, மும்முறை செய்தான். இறுதியில், சட்டத்தைக் கண்ணாடியோடு ரப்பர் வளையங்களால் பிணைத்துக் குறுக்குச் சட்டங்களை ஒட்டி, இரவு முழுதும் அசைக்காமல் விட்டான். பசை இறுகியபின் அக்குறுக்குச் சட்டங்களே கோணல் திரும்பாமல் காக்கும்.

சக்கரங்களைப் பொருத்தியபின், ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தாள் கீற்றைச் செருகி இழுத்தான். மூன்று முனைகளில் தாள் சிக்கியது. நான்காவதில் மெல்ல நழுவி வந்தது.

நான் வாய் திறக்குமுன் அவனே கணக்கை முடித்துவிட்டான். "தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர் ஐயா. இருபத்து நான்கால் பெருக்கினாலும் இரண்டரை வராது. அதைக் கமான் பட்டை வாங்கிக்கொள்ளும்."