காய்ந்த இடத்துக் கசிவு

பைப் ஒழுகுகிறது என்று மன்னார் மாவட்டச் சிலாவத்துறையில் யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஒழுகுவது வாயாலா, கழுத்தாலா, சுவரோடு சேரும் இடத்தாலா? பலருக்குச் சொல்லத் தெரியாது. துளி விழும் இடத்தைத்தான் பார்த்திருப்பார்கள், அது கிளம்பும் இடம் வேறாக இருக்கும். பைப்பைப் பழந்துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, கடதாசித் துண்டால் ஒவ்வொரு மூட்டையும் ஒற்றிப் பார்த்தால் விசயம் தெரிந்துவிடும்.

இந்தப் பழக்கம் தோஹாவில் வந்தது. அங்கே ஒரு ஹோட்டலில் பராமரிப்பு வேலை, பாரில் இருந்த பியர் பைப்புகளும் எங்கள் பொறுப்பு. ஒரு சொட்டுக் கூட வாயில் வைக்காதவன் அதைக் கழற்றிப் பூட்டினான் என்றால் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், தொழில் எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

பியர் பைப்பும் ஒழுகுவது மூன்று இடத்தால்தான். பின்னால் பூட்டும் நட்டுக்குள் ஒரு வாசர், கைப்பிடிக் கழுத்தில் ஒன்று, உள்ளே தண்டோடு ஓடி அடைக்கும் வாசர் ஒன்று. தொல்லை தருவது பெரும்பாலும் கடைசி ஆள். சாதாரண பியர் பைப் பின்பக்கத்தில் அடைபடும். ஊற்றி மூடியதும் முன்பாதியில் மிஞ்சும் பியர் காற்றுப் பட்டுக் காய்ந்து, தண்டைப் பிசினாய்ப் பிடித்துக்கொள்ளும். தண்டு முழுசாகத் தன் இடத்துக்கு வராது, துளி விழும். பார்க்காரப் பையன் கைப்பிடியை இன்னும் பலமாய்த் தள்ளுவான், வாசர் கிழியும். கழற்றி இளஞ்சூட்டுத் தண்ணியில் கழுவினாலே பாதிக் கசிவு நின்றுவிடும். வாயோரத்தில் அடைபடும் பைப்புகளும் உண்டு, உள்ளே காற்றுப் போகாததால் அவை அவ்வளவாக இறுகுவதில்லை. நாட்பட்ட குழாயில் கல்லும் படியும். அது கல்சியம் ஒட்சலேற்று, அதைக் கரைக்கத் தனி அமிலம் வேண்டும்.

ஊருக்குத் திரும்பி வந்தால் இங்கேயும் கல்சியம்தான் எதிரி. புத்தளம் தொட்டு யாழ்ப்பாணம் வரை இந்தக் கரையில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணி காய்ந்த இடமெல்லாம் வெள்ளையாய்ப் படியும். பக்கத்து ஊரான அரிப்பில் மாளிகை கட்டி பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பைக் கண்காணித்தாரே, அந்த முத்தும் இதே கல்சியம் காபனேற்றுத்தான்! பைப்பில் படிந்தால் விலை போகாது, வினாகிரியில் ஊறவைத்துக் கரைக்க வேண்டியதுதான்.

உப்பு செய்வது அதைவிடக் கெட்ட வேலை. பித்தளையில் இருக்கும் நாகத்தை அது தின்றுவிடும், மிஞ்சுவது செம்பு. வாசர் போய் அமரும் சீற்றைத் துடைத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பாய்ப் புள்ளிகள் தெரியும். அங்கே விரல் நகம் தடக்கினால் புது வாசர் போட்டும் பிரயோசனமில்லை. சீற்றைக் கொஞ்சம் உராய்ந்து சமப்படுத்தலாம். அரிப்பு ஆழமாய் இருந்தால் பைப்பையே மாற்றச் சொல்லிவிடுவேன். அந்தக் காசு வீண் என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு.

ஆனால் சீற்றைக் கெடுப்பதில் உப்புக்குச் சமமான பங்கு கைக்கும் உண்டு. துளி விழுந்தால் இறுக்குவது, பிறகு அதற்கும் மேலே இறுக்குவது. இவ்வளவு பலம் எதற்கு? பியரைத் தள்ளும் வாயு சதுர அங்குலத்துக்கு 10, 12 இறாத்தல் அழுத்தத்தில் இருக்கும். 10 அடி உயரத்தில் வைத்த தாங்கித் தண்ணி 4 இறாத்தலைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நல்ல வாசருக்கு அது ஒரு பாரமே இல்லை. அப்படியும் துளி விழுந்தால், வாசருக்கும் சீற்றுக்கும் இடையில் காய்ந்துபோன ஏதோ ஒன்று கிடக்கிறது என்றுதான் அர்த்தம்.

எனக்குக் கூடுதலாக வேலை வருவது பூட்டிக் கிடக்கும் வீடுகளில். 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போன முஸ்லிம் குடும்பங்களில் பல, போர் முடிந்த பிறகு இங்கே வீடு கட்டின. பிள்ளைகளின் படிப்பு அங்கே, காணி இங்கே. பெருநாளுக்கும் பள்ளிக்கூட விடுமுறைக்கும்தான் கதவு திறக்கும். இறுக்கி மூடிவிட்டுப் போன பைப்பில் மாதக்கணக்காக றபர் சீற்றோடு ஒட்டிக் கிடக்கும். வந்தவுடன் திருகினால் றபர் பிய்ந்து பாதி சீற்றிலேயே நின்றுவிடும்.

ஒரு ராத்தாவிடம் சொன்னேன்: "போகும்போது தாங்கியடி வால்வைப் பூட்டுங்க, பைப்பை அரைவாசி திறந்து விடுங்க. றபர் ஒட்டாது."

"பைப்பைத் திறந்துவிட்டு வீட்டைப் பூட்டவா? நல்ல கதை தம்பி!"

இறுக்கி மூடிவிட்டுத்தான் போனார். விடுமுறை தொடங்கும் கிழமையில் அரை அங்குல வாசரைக் கொஞ்சம் கூடுதலாகவே பையில் போட்டுக்கொள்கிறேன்.