முட்டும் கர்டரும்

சுவரை இடிக்க அறிவு வேண்டியதில்லை. இதுவரை அந்தச் சுவர் எதைத் தாங்கி நின்றது என்று கண்டுகொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. ராயபுரத்தில் எங்கள் பழைய வீட்டில், கூடத்துக்கும் அம்மா படுக்கும் இருட்டறைக்கும் நடுவிலிருந்த சுவரை எடுத்துக் கர்டர் போட்டபோது எனக்குத் தெளிவான விஷயம் இது.

வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கல்லைக் குத்துவாட்டில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்பில் பதித்த கூரை. சுவர் ஒன்றரை அடி கனம். மேஸ்திரி முதல் நாள் சுவரைத் தொடவேயில்லை. எந்த உத்தரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அண்ணாந்து எண்ணிக்கொண்டிருந்தார். “ஒடைக்க அரை நாள் போதும் சார். மேல கீறத எங்க எறக்கி வெக்கிறதுன்னு பாக்கணும்” என்றார்.

இருபுறமும் உத்தரங்களுக்குச் சவுக்கு முட்டு கொடுத்தார்கள். பிறகு சுவரில் ஒரு பக்கம் மட்டும், பாதிக் கனத்துக்குக் காடி வெட்டி ஒரு கர்டர். அதன் முனைகள் கருங்கல் துண்டுகளின் மேல் உட்கார்ந்தன. வெறும் செங்கல் நசுங்கிவிடும். கர்டருக்கும் மேல்சுவருக்கும் இடையே தகடுகளை இறுக்கி, ஈரம் குறைந்த சிமெண்டுக் கலவையை இடித்துத் திணித்தார்கள். அந்த இடைவெளி அடையாவிட்டால் கர்டர் சும்மா இருக்கும். மேல்சுவர் இறங்கி வந்துதான் அதைத் தேடும். கலவை இறுகியபின் மறுபக்கம் இரண்டாவது கர்டர். அதுவும் இறுகிய பிறகே கீழ்ச்சுவர் போயிற்று. முட்டுகள் கடைசியில். இப்போது அம்மாவின் கட்டில்மேல் பகல் விழுகிறது.

1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கிய பிறகு புதுக்கவிதை வேரூன்றியது, யாப்பு எடுக்கப்பட்டது. எடுத்தது சரிதான், வெளிச்சம் வந்தது. ஆனால் யாப்பு வெறும் தடுப்புச் சுவரல்ல. ஞாபகத்தை, வாய்விட்டுச் சொல்வதை, ஒரு வரி அங்கே முடிவதற்கான நியாயத்தை அது தாங்கிக்கொண்டிருந்தது. ந. பிச்சமூர்த்திக்குப் பாரதியின் வசன கவிதையும் விட்மனும் பழகிய காது இருந்தது. சுமை எங்கே இறங்குகிறது என்று அந்தக் காதுக்குத் தெரியும். பின்னால் வந்த பலரிடம் சுவர் போனது தெரிகிறது, கர்டர் தெரியவில்லை. கூரை நிற்கிறதே என்று கேட்கலாம். முட்டுகளை இன்னும் யாரும் எடுக்கவில்லை என்பேன். முன்னுரை, குழு, நண்பர்களின் சிலாகிப்பு எல்லாம் முட்டுகள்தாம். நம் பத்திரிகைகளும் அவற்றில் சேர்த்தி.

கர்டரும் சாசுவதமில்லை. ராயபுரத்தில் உப்புக்காற்று. ரெட் ஆக்சைடு அடித்துப் பூசி மறைத்தாலும் ஈரம் உள்ளே போகும். துருவேறும் இரும்பு பருத்து, தன்னை மூடியிருக்கும் பூச்சையே பிளக்கும். ஆகவே போட்டவன் அதை மறந்துவிட முடியாது. அவ்வப்போது அண்ணாந்து விரிசல் தேட வேண்டும். விமர்சனம் என்று நான் செய்ய விரும்புகிற காரியமும் இதற்கு மேல் பெரிதாக ஒன்றுமில்லை.